மனநல சிகிச்சை ஊருக்குள் வர: கேள்வி பதில்

மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்யும் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

முசிறி: எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் குறிப்பிட்ட கிழமைதான் வருகிறார். போதுமா மேடம்?

அவர் மட்டும் என்றால் போதாது. இந்தத் திட்டத்துக்கு முன்னோடி கர்நாடகத்தின் பெல்லாரி. 1980களில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அங்கே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மருந்தை அங்கேயே கிடைக்கச் செய்தது. அதை வைத்துத்தான் 1996இல் திட்டம் தொடங்கியது; முதல் நான்கு மாவட்டங்களில் உங்கள் திருச்சியும் ஒன்று. டாக்டர் வராத நாளிலும் மாத்திரை கிடைக்கிறதா, வராமல் நின்றுபோனவரை வீடு தேடிப் போய் யாராவது விசாரிக்கிறார்களா? இந்த இரண்டையும் கேட்டு மனு கொடுங்கள். புதுக் கட்டடம் அப்புறம் வரட்டும். அதுவரை மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஓசூர்: அண்ணன் மாத்திரை சாப்பிட மறுக்கிறார். அம்மா சாம்பாரில் கலந்து கொடுக்கிறார். சரியா அக்கா?

சரியில்லை. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற பயமே பலருக்கு நோயின் அறிகுறி. தெரிந்துவிட்டால் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. அண்ணனையும் கூட வைத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். அதற்குள் மருந்து சட்டென்று நின்றுவிடக் கூடாது.

மதுரை: ஏர்வாடித் தீ விபத்துக்குப் பிறகும் கோயில், தர்கா என்று கூட்டிப் போகிறார்கள். மொத்தமாகத் தடை போட வேண்டாமா?

வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் 28 பேர் இறந்தது தனியார் காப்பகத்துத் தீயில். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதை ஒவ்வொரு இடத்திலும் அமல்படுத்தச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் எழுதினார்கள். சில வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

மதுரை (மறுபடியும்): அப்படியானால் கோயிலே குணப்படுத்தும் என்கிறீர்களா? படித்தவர் பேசும் பேச்சா இது?

அப்படிச் சொல்லவில்லை. வெறும் 31 பேர், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனால் அங்கே துரத்தாத இடம் இருந்தது, பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தார். நம் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார பெஞ்சு கிடைப்பதே கஷ்டம். தடை போட்டால் ஜனங்கள் ஒளிந்து போவார்கள். மாத்திரையோடு அங்கே போக எங்களுக்கு வழியிருக்காது. ஏர்வாடியிலேயே இப்போது துவாவோடு (தர்கா பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

ராமநாதபுரம்: எங்கள் மாமா தர்காவில் இருந்தபடியேதான் மருந்து சாப்பிட ஒத்துக்கொண்டார்.

மதுரைக்காரர் இதைப் படிக்க வேண்டும்.

கடலூர்: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமா?

மனச்சிதைவு, மனச்சோர்வு மருந்துகளுக்கு அப்படி ஆகாது. தூக்க மாத்திரைகளில் பல பழகிவிடும். டாக்டர் சொன்ன நாளோடு சரி.

நாமக்கல்: நன்றாகிவிட்டால் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தேனி: மாத்திரை அடிமையாக்குமா?

கடலூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

அரூர்: ஊனச் சான்றிதழ்?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

நெல்லை: நடுராத்திரியில் தம்பி சாக வேண்டும் என்கிறான். யாரைக் கூப்பிடுவது?

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. தம்பியைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் இப்போதே வீட்டைவிட்டு அகற்றுங்கள். அவன் சாப்பிட வேண்டிய மருந்தை நீங்கள் வைத்திருந்து வேளாவேளைக்குக் கொடுங்கள்.