சங்கிலியைத் திருப்பிவிட்டு அரங்குக்குப் போங்கள்

கேள்வி: நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன், ராமேசுவரத்தில் விசைப்படகில் பங்குக்கு மீன்பிடித் தொழில் பார்க்கிறேன். 2015 முதல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ரசிகன். முக்கியமான ஆட்டம் என்றால் எந்த ஊராக இருந்தாலும் போய்விடுவேன். 2024 ஏப்ரலில் கோவாவில் நடந்த, தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டத்துக்குப் போகக் கையில் பணம் இல்லாததால், பீரோவில் இருந்த மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். அணி தோற்றது. வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பித்து வருகிறேனே தவிர, நகையைத் திருப்ப முடியவில்லை. போன மாதம் அடகுச் சீட்டு அவள் கையில் சிக்கிவிட்டது. “அந்தப் பதினொரு பேரில் ஒருத்தருக்காவது உங்க பேரு தெரியுமா?” என்று கேட்டவள், அதன்பின் சரியாகப் பேசுவதில்லை. ஓர் அணியின் மீது பற்று வைப்பது தவறா? இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

பற்று வைப்பது தவறில்லை. தவறு என்று உங்கள் மனைவி சொன்னதாகவும் உங்கள் கடிதத்தில் இல்லை. தம்மைக் கேட்காமல் தம் நகையை எடுத்தீர்கள் என்பதும், சீட்டு கைக்கு வரும் வரை நீங்கள் வாய் திறக்கவில்லை என்பதும்தான் அவருடைய வருத்தம். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. ஆகவே புரியவைக்கும் முயற்சியைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள்.

முதல் வேலை, சங்கிலியைத் திருப்புவது. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அப்படியே நிற்கும். இன்று தங்கம் விற்கும் விலையில், தவணை தவறி நகை ஏலத்துக்குப் போய்விட்டால், அதே இரண்டு பவுனை மறுபடி வாங்குவது பங்குக்குப் போகிறவருக்கு எளிதில் முடிகிற காரியம் அன்று. தனியார் கடையில் வைத்திருந்தால், கூட்டுறவு வங்கியிலும் அரசு வங்கியிலும் நகைக்கடனுக்கு என்ன வட்டி என்று விசாரித்து, குறைவாக இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றும் நாளில் மனைவியை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சம்மதித்தால் கடன் அவர் பெயரிலேயே இருக்கட்டும். எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். சங்கிலி வீட்டுக்கு வரும் வரை வெளியூர் ஆட்டம் எதற்கும் போகாதீர்கள்.

அந்த ஏப்ரலில் கையில் பணம் இல்லாமல் போனது தற்செயல் இல்லை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு கடலுக்குப் போகாது, பங்கும் கிடைக்காது. அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியின் நாக்-அவுட்டில் தொடங்கி இறுதி வரையிலான ஆட்டங்கள் ஏப்ரல் 19 முதல் மே 4 வரை நடந்தன. நீங்கள் போன கோவா ஆட்டம் ஏப்ரல் 20 அன்று. தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓய்வு தாராளமாக இருந்தது, பணம்தான் இல்லை. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்து மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். ஆனால் அந்தத் தொகை இரண்டு மாத அரிசிக்கும் மளிகைக்குமே போதாது. ஆகையால் ஆட்டத்துக்கான பணத்தை, ஜூனில் படகு இறங்கிய நாள் முதல் ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிறு தொகையாக, மனைவி அறியத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த உண்டியலில் இருப்பதற்குள் எந்த ஊர் அடங்குமோ, அந்த ஊர் ஆட்டத்துக்குப் போங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீங்கள் அதைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ராமேசுவரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வாங்கிப் புறப்பட்டு மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. சென்னையில் சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால், வெள்ளி மாலை ரயிலேறி, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஞாயிறன்று வீடு திரும்பிவிடலாம்; சனிக்கிழமைத் தொழில் ஒன்றுதான் போகும். ஞாயிறு இரவு ஆட்டமோ அப்படியில்லை. சனிக்கிழமை கடலுக்குப் போனால், ஞாயிறு காலையில் கரையேறி அன்று இரவுக்குள் சென்னையைப் பிடிப்பது நிச்சயமில்லை; ஆட்டம் முடிந்து பேருந்து ஏறினாலும் திங்கட்கிழமைப் படகு உங்களுக்காகக் காத்திருக்காது. ஆக, ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தொழில் போகிறது. ஆட்ட அட்டவணை வெளிவந்ததும் சனிக்கிழமை ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றிலும் உண்டியலுக்கு ஏற்பச் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். தேதியைப் படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி மாற்றாளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஓர் ஆள் குறைந்தால் வலையின் பாரம் உடன் வருகிறவர்கள் கையில்தான் விழும்.

நேரில் போகாதவன் உண்மையான ரசிகன் இல்லை என்ற நினைப்பு உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் ரசிகரான 2015-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முடங்கியதால், அணியின் சொந்த ஊர் அரையிறுதியே புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்று, கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 87-வது நிமிடம் பின்தங்கி, பிறகு இரண்டு கோல்களுடன் 3-2 என்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை அப்போதுதான் இறைத்து முடித்திருந்த நகரத்திலிருந்து எத்தனை பேர் நேரில் போயிருக்க முடியும்? 2018 கோப்பை பெங்களூரில் கிடைத்தது. 2020 மார்ச் 14 இறுதி ஆட்டம் கொரோனாவால் பார்வையாளர் எவருமின்றிக் கோவாவில் நடந்தது. அடுத்த இரண்டு தொடர்களும் முழுக்கக் கோவாவிலேயே நடந்தன. அந்த நாட்களில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நீங்கள் அரைகுறை ரசிகரா என்ன?

உங்கள் மனைவி கேட்ட கேள்வி நியாயமானது. அந்தப் பதினொரு பேருக்கு உங்கள் பெயர் தெரியாது. தெரிய வேண்டும் என்று நீங்களும் போகவில்லை. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுப்பும் குரலில் தன் குரலும் கலந்திருக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் அத்தனை தூரம் போகிறார். இதை அவரிடம் சொல்லுங்கள், சங்கிலியைத் திருப்பிக் கொடுத்த பிறகு சொல்லுங்கள். மனைவியையும் ஒருமுறை அரங்குக்கு அழைத்துச் சென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் யோசனை கூறுவார்கள். அவராக வருகிறேன் என்றால் அழைத்துச் செல்லுங்கள்; செய்ததற்குப் பரிகாரமாக அதைச் செய்ய வேண்டாம்.

செலவைக் குறைப்பதற்காக நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவோடு இரவாகப் பைக்கில் போகும் யோசனை எழுந்தால், அதற்கு இணங்காதீர்கள். 2022 மார்ச்சில் கோவா இறுதி ஆட்டத்துக்குப் பைக்கில் புறப்பட்ட கேரள ரசிகர்கள் இருவர் காசர்கோடு பக்கத்தில் விபத்தில் இறந்துபோனார்கள்.

கடைசியாக, அணி மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தால் என்ன செய்வது என்பது. 2024-லும் 2025-லும் இறுதி ஆட்டம், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த மோகன் பகானின் ஊரான கொல்கத்தாவில் நடந்தது; அரையிறுதி முடிந்து ஐந்தாறு நாளில் இறுதி ஆட்டம் வந்துவிட்டது. ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், கடைசி நேரத்தில் தட்கலைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதற்குக் கட்டணமும் கூடுதல். பெங்களூரோ கொச்சியோ என்றால், உண்டியல் இடம் கொடுக்குமானால் போய் வாருங்கள். கொல்கத்தா என்றால், பணம் இருந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். 2025-ஐப் போல ஏப்ரல் 12-ஆம் தேதி ஆட்டம் அமைந்துவிட்டால், போகவும் வரவும் ஆகும் அத்தனை நாட்களும் தடைக்காலத்துக்கு முந்தைய கடைசித் தொழில் நாட்கள். அந்தப் பங்கை விட்டுவிட்டு அடுத்த இரண்டு மாதத்தை ஓட்ட முடியாது.