கோத்தகிரியிலிருந்து ஒரு சாக்ஸபோன் கனவு

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூ காமர்ஸ், மார்க்கும் மோசமில்லை, திடீரென்று ஜாஸ் சாக்ஸபோன்தான், சொந்தமாக பேண்ட் நடத்துவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். பச்சைத் தேயிலை விலை இருக்கிற இருப்பில் உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

நேராகவே சொல்கிறேன். ஜாஸ் மட்டும் வாசித்து நம் ஊரில் குடும்பம் நடத்துபவர்கள் மிகக் குறைவு. ஆனால் கல்யாண ரிசப்ஷன், ஓட்டல், ரெக்கார்டிங், ஸ்கூல் வேலை, வீட்டு டியூஷன் எல்லாம் கலந்து சாக்ஸபோனால் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாசத்துக்கு மாசம் வருமானம் ஏறி இறங்கும், அது உங்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

பேண்ட் லீடர் என்றால் முன்னால் நின்று வாசிப்பவர் என்றுதான் பையன் நினைத்திருப்பான். பாதி வேலை போனில்தான். டிரம்மர் வருவாரா, வேன் சொல்லியாச்சா, அட்வான்ஸ் வந்ததா. பார்ட்டி பாக்கி வைத்தாலும் கூட வாசித்தவர்களுக்கு அன்று ராத்திரியே காசு கொடுத்தால்தான் அடுத்த தடவை கூப்பிட்டால் வருவார்கள். மீதிப் பாதி எழுத்து வேலை. ஒரே சுருதிக்கு வாத்தியத்துக்கு வாத்தியம் பெயர் மாறும், கீபோர்டுக்காரர் 'சி' ஸ்கேல் என்றால் ஆல்டோ சாக்ஸபோன் 'ஏ'யில் வாசிக்க வேண்டும், டிரம்பெட்காரர் 'டி'யில். இதைத் தடுமாறாமல் மாற்றி ஆளாளுக்குத் தாளில் எழுதிக் கொடுப்பவர்தான் லீடர். அமெரிக்க ஜாஸ் பேண்ட் லீடர் டியூக் எலிங்டன் தன் பெரிய பேண்டைக் கட்டிக் காப்பாற்றியதில் அவர் எழுதிய பாட்டுகளின் ராயல்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் பையன் சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்ததும் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நம் ஆட்கள் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

டிகிரியை விட வேண்டாம். பெங்களூரிலோ சென்னையிலோ பி.காம் சேரட்டும், கூட வாசிக்க ஆள் கிடைப்பது அங்கேதான், மலையில் தனியாக உட்கார்ந்து ஜாஸ் வராது. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வில் 8 கிரேடு இருக்கிறது, ஸ்கூல் வேலைக்கு அந்தச் சர்டிபிகேட் உதவும். குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ பேண்டைப் பார்த்துவிட்டு அதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ராணுவம் போல விமானப்படையிலும் பேண்ட் உண்டு, அங்கே அக்னிவீர் இசைக்கலைஞர் தேர்வுக்குப் படிப்பு பத்தாவது போதும், ஆனால் 4 வருஷம்தான், அதற்குப் பிறகு நிரந்தரமாக எடுப்பது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. பயிற்சி நல்ல பயிற்சி, நான் தடுக்க மாட்டேன். அவனுக்கே ஆசை இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

இப்போதைக்குப் புது சாக்ஸபோன் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் ஆல்டோ போதும், ஓட்டைகளை மூடும் பேடு எல்லாம் சரியாக மூடுகிறதா என்று ரிப்பேர்காரரிடம் காட்டி வாங்குங்கள். நம் ஊர்க் குளிரில் சுருதி இறங்கும், கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிய பிறகுதான் சுருதி பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் உள்ளே துடைக்காமல் வைத்தால் பேடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று. அவனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை ஆல்டோ, டிரம்பெட், கீபோர்டு மூன்றுக்கும் கையால் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் டைம் கொடுங்கள். எழுதினால் அந்தத் தாளோடு அவனை என்னிடம் கூட்டி வாருங்கள், காலேஜ் லிஸ்ட் அன்றைக்குப் போடலாம்.