கேத்தியிலிருந்து பாசல் எவ்வளவு தூரம்?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) எழுதுகிறேன் அக்கா. பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம். ஐரோப்பிய வரலாறும் அரசியலும்தான் பிடித்திருக்கிறது, மேற்படிப்பும் அதிலேயே படிக்க ஆசை. "பசுந்தேயிலைக்கு விலையே இல்லை, பிரான்ஸ் ராஜா கதை படிச்சு என்ன பண்ணப் போற?" என்கிறார் அப்பா. எனக்கும் வருடங்களை மனப்பாடம் செய்தே அலுத்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ராஜாக்களை விடுங்கள், உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குங்கள். கருகல் நோய் எப்படி வரும் என்று அப்பாவையே கேளுங்கள், மழையும் மூடுபனியுமாக நாலு நாள் விடாமல் இருந்தால் இலையோரம் கருத்து, அடியில் வெள்ளையாகப் பூத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோட்டம் முழுக்கப் படுத்துவிடும். அதே நோய்தான் 1845ல் அயர்லாந்தில் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னும் அதே அளவு பேர் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். இத்தனைக்கும் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் அதே நோய் வந்தது, அங்கேயும் ஆட்கள் செத்தார்கள், ஆனால் அயர்லாந்து அளவுக்கு இல்லை. ஏன்?

இந்த ஒரு 'ஏன்'தான் உங்கள் பாடம். நிலம் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் ஜமீன்களுடையது, உழுதவர்கள் கத்தோலிக்கக் குத்தகைக்காரர்கள். விளைந்த தானியம் வாடகைக்குப் போகும், குடும்பம் கிழங்கைத் தின்று பிழைக்கும். கிழங்கு அழுகிய வருடங்களிலும் தானியம் துறைமுகத்திலிருந்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. அப்போது அயர்லாந்தை ஆண்டது லண்டன். சந்தையில் அரசு கை வைக்கக்கூடாது என்று நம்பிய அந்த அரசு, 1847ல் திறந்த கஞ்சித்தொட்டிகளையும் அந்த வருடமே மூடிவிட்டது. மதம், நிலவுடைமை, பொருளாதாரக் கொள்கை, சாம்ராஜ்யம், அமெரிக்காவுக்குக் குடிபெயர்வு எல்லாம் இதற்குள் இருக்கிறது, வருடங்கள் தானாக மனதில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் ஊரில் ஐரோப்பா என்றால் இங்கிலாந்து, நீலகிரி என்றால் ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன். அதோடு கதை முடிந்துவிடுகிறது. ஊட்டி பக்கத்துக் கேத்திக்கு 1840களில் வந்த பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் யார்? பாசல் என்ற சுவிட்சர்லாந்து நகரத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆட்கள், அவர்களில் நிறையப் பேர் தெற்கு ஜெர்மன் பகுதிக்காரர்கள், ஆனால் ஜெர்மனி என்ற ஒரே நாடு உருவானதே 1871ல்தான். 1914ல் போர் வந்ததும் அந்த மிஷனில் இருந்த ஜெர்மானியர்கள் ஆங்கிலேயர் கண்ணில் எதிரிகளாகிவிட்டார்கள், பிடித்து அடைத்து, பிறகு நாட்டைவிட்டே அனுப்பினார்கள். உங்கள் ஊர் மலை ரயில் கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறதே, அந்த முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. பாசல் மிஷனின் பழைய புகைப்படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, படகர் ஹட்டிகளை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதலாம்.

அதற்கு ஜெர்மன் வேண்டும். ஜெர்மனோ பிரெஞ்சோ, ஏதாவது ஒன்றை இந்த வருடமே தொடங்கிவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு படித்தால் லண்டன் ஜன்னல் வழியாகத்தான் ஐரோப்பாவைப் பார்ப்பீர்கள்.

இனி அப்பாவின் கேள்வி. படித்து முடித்தவுடன் வேலை கையில் வந்து விழாது, அதை மறைக்க மாட்டேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகலாம், சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் உலக வரலாறு இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஆய்வு மையம் உண்டு. வெளியே போக நினைத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையைப் பாருங்கள், கட்டணமும் அவர்களுடையது, இப்போதைய கணக்குப்படி மாதம் 1,400 யூரோ செலவுக்கும் தருகிறார்கள். ஐரோப்பிய அரசியல், சமூகம், பண்பாட்டுக்கென்றே 'யூரோகல்ச்சர்' என்று ஒரு முதுகலை இருக்கிறது, குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குவார்கள், நேரடியாகவே போடலாம். ஏஜென்ட் யாருக்கும் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிரிட்டன்தான் ஐரோப்பாவை விட்டு வெளியேறிவிட்டதே, அப்புறம் எப்படி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் அதைக் கட்டுப்படுத்துகிறது? – ஒரு மாணவர், கொடைக்கானல்

பதில்: பிரிட்டன் 2020 ஜனவரி 31ல் விட்டது ஐரோப்பிய ஒன்றியத்தை. அதில் இப்போது 27 நாடுகள், அதன் நீதிமன்றம் லக்ஸம்பர்க்கில். நீங்கள் கேட்கும் நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது, அது 1949ல் தொடங்கிய ஐரோப்பிய கவுன்சில் என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்தது. அங்கே 46 நாடுகள், பிரிட்டன் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர், வெளியேறவும் இல்லை. 2022ல் ரஷ்யாவை விலக்கியதும் இந்த அமைப்புதான், ஒன்றியத்தில் ரஷ்யா எப்போதுமே இருந்ததில்லை. சரி, கொடைக்கானலில் இருந்துகொண்டு செண்பகனூர் போகாமல் இருக்காதீர்கள். மதுரை மிஷன் இயேசு சபையாரின் ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது, பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் அனுமதி கேளுங்கள்.