டிஎம்ஏஓ கூடியதற்காக மீனை நிறுத்த வேண்டாம்

ஐயா, இரத்தப் பரிசோதனையில் டிஎம்ஏஓ (டிரைமெத்திலமைன்-என்-ஆக்சைடு என்ற வேதிப்பொருள்) கூடுதலாக வந்ததால் மீனையும் முட்டையையும் அறவே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முந்தைய இரவு வஞ்சிரம் சாப்பிட்டதாக நீங்களே சொல்கிறீர்கள். அதுவே காரணமாக இருக்கலாம். கடல்மீனின் தசையிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. உண்ட சில மணி நேரத்தில் இரத்தத்தில் ஏறி, பிறகு சிறுநீரில் வெளியேறிவிடும்.

இறைச்சியில் உள்ள கார்னிடின், முட்டை மஞ்சள் கருவில் உள்ள கோலின் என்ற சத்துகளைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைக்க, அதில் பிறக்கும் வாயுவைக் கல்லீரல் டிஎம்ஏஓவாக மாற்றுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 4,007 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவு கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தது உண்மைதான். ஆனால் டிஎம்ஏஓதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை.

சிறுநீரகம் தளர்ந்தாலும் டிஎம்ஏஓ ஏறும். உங்களுக்குப் பத்தாண்டாகச் சர்க்கரை நோய் இருப்பதால் என் கவலையெல்லாம் அங்கேதான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை இரத்தத்திலும், அல்புமின் என்ற புரதத்தைச் சிறுநீரிலும் இந்த வாரமே பாருங்கள். உடற்பயிற்சிக்காகக் கார்னிடின் மாத்திரை எதுவும் எடுத்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிஎம்ஏஓவை மறுபடி பார்ப்பதானால், அதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் மீனைத் தவிர்த்தால் போதும்.