இரவு 11 மணிக்கும் சுடும் சுவர்: ஏசிக்கு முன்னால் என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. கீழே மாமனார், மாமியார், மாடியில் நாங்கள். கட்டி 12 வருடம் ஆகிறது. மொட்டை மாடியில் சிவப்புத் தட்டோடுகள் பதித்திருக்கிறோம். மேற்குப் பக்கப் படுக்கையறையில் மார்ச் பிறந்தாலே தூங்க முடிவதில்லை. இரவு 11 மணிக்குக்கூட சுவரில் கை வைத்தால் சுடுகிறது. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறார் இன்டீரியர் வேலை செய்பவர். மாடி முழுக்கத் தகர ஷீட் போடச் சொல்கிறான் தம்பி. 10-க்கு 15 அறைக்கு 2 டன் ஏசி வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. எதை முதலில் செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: மூன்று பேர் மூன்று பொருளைச் சொல்லியிருக்கிறார்கள். சூடு எந்த வழியாக வருகிறது என்று ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆர்க்கிடெக்ட் என்றால் வீட்டு முகப்புக்கு டிசைன் போடுபவர் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. வெயில், காற்று, மழை, பட்ஜெட் இந்த நான்கையும் ஒரே வரைபடத்தில் சமாளிப்பதுதான் எங்கள் பிழைப்பில் முக்கால்வாசி. ஏற்கெனவே கட்டிய வீட்டிலும் அதைச் செய்யலாம். ஆனால் வைத்தியத்துக்கு முன் நோய் எதுவென்று தெரிய வேண்டும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதித் துப்பு இருக்கிறது. செங்கல் சுவர் வெயிலை உடனே உள்ளே விடாது. 9 அங்குலச் சுவரின் வெளிப்பக்கம் ஏறிய சூடு உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். மேற்குச் சுவரில் வெயில் நேராக அறைவது பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். கூட்டிப் பாருங்கள், நீங்கள் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிறது. மொட்டை மாடித் தளத்தின் கணக்கு வேறு. 5 அங்குல கான்கிரீட்டும் அதன்மேல் தட்டோடும் இருந்தால், நண்பகல் வெயில் மாலை 5, 6 மணி வாக்கில் சீலிங்கில் தெரியத் தொடங்கும், இரவு நெடுநேரம் நீடிக்கும். ஆக, மாலையில் தலைக்கு மேலிருந்து ஒரு அடுப்பு, அது தணிவதற்குள் பக்கவாட்டிலிருந்து இன்னொன்று.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள், அல்லது தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். நல்ல வெயில் நாள் ஒன்றில் பகல் 3, மாலை 6, இரவு 9, 11 மணிக்கு சீலிங், நான்கு சுவர்கள், ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலே படாத உள்சுவர் ஒன்றை அளவுகோலாக வையுங்கள். அதைவிட எது எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் உங்கள் செலவுப் பட்டியலின் வரிசை. சில வீடுகளில் சந்தேகமே படாத ஒரு மேற்கு ஜன்னல்தான் முதலிடத்தில் வந்து நிற்கும்.

உங்கள் வீட்டில் முதலிடம் மொட்டை மாடிக்குத்தான் வரும் என்பது என் ஊகம். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் நண்பகல் சூரியன் உங்கள் வீட்டுக்கு நேர் உச்சியில் வந்துவிடும். அதிலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை நண்பகலில் அது உச்சிக்கு வடக்கேதான் நிற்கும். வடக்குச் சுவருக்கு வெயிலே படாது என்று சன்ஷேடு வைக்காமல் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சுவர்கள் சாய்வான வெயிலை அரை நாள் வாங்குகின்றன. மாடியோ நாள் முழுக்க வாங்குகிறது.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். உங்கள் அறையின் பரப்பு 150 சதுர அடி, அதாவது 14 சதுர மீட்டர். சிவப்பு ஓட்டின் மேற்பரப்பு ஏப்ரல் வெயிலில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அறையை 27 டிகிரியில் வைக்க விரும்பினால் அந்தத் தளம் வழியாக மட்டும் ஒன்றரை கிலோவாட் அளவுக்குச் சூடு உள்ளே இறங்கப் பார்க்கும். 1 டன் ஏசி வெளியேற்றும் சூடு மூன்றரை கிலோவாட். அப்படியென்றால் கிட்டத்தட்ட அரை டன்னை உங்கள் மாடித் தளமே விழுங்கிவிடுகிறது. கடைக்காரர் 2 டன் என்றதற்கு இதுதான் காரணம். அவர் பொய் சொல்லவில்லை, தளத்தைச் சரிசெய்வது அவர் வியாபாரம் இல்லை.

தட்டோட்டைக் குறை சொல்ல மாட்டேன். கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை, மேலே சுட்ட மண் ஓடு என்ற அந்த முறை மழை நீரையும் தடுக்கும், சூட்டையும் ஓரளவு தாமதப்படுத்தும். சென்னையின் பழைய கட்டடங்களில் தேக்குச் சட்டங்கள் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸின் வாரிசு அது. குறை நிறத்தில்தான் இருக்கிறது. சிவப்பு ஓடு வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புது வெள்ளைப் பூச்சு முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் உங்கள் முதல் செலவு மாடிக்கு வெள்ளை அடிப்பது. மலிவான வழி, கிளிஞ்சல் சுண்ணாம்போடு வெள்ளை சிமென்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு மூன்று கோட் அடிப்பது. மழையில் கரையும், வருடா வருடம் மாசி மாதம் மறுபடி அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் வாங்கினால் சில வருடம் தாங்கும். டின்னில் எஸ்ஆர்ஐ (SRI) என்ற எண் இருக்கிறதா பாருங்கள், வெயிலில் பூச்சு எவ்வளவு சூடேறாமல் இருக்கும் என்பதைச் சொல்லும் அளவு அது. நல்ல வெள்ளைப் பூச்சுக்கு அது 100-ஐ ஒட்டி இருக்கும். எண் போடாத பெயின்டை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

பூசுவதற்கு முன் கொத்தனாரை வைத்து ஓட்டு இடுக்குகளில் விரிசல் இருந்தால் அடைத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளங்களைச் சரிசெய்யுங்கள். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் வேகமாகக் குறையும், கோடையில் மாதம் ஒருமுறையாவது கழுவிவிட வேண்டும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் பெரியவர்கள் நடக்கும் பாதையைச் சொரசொரப்பாக விட்டுவைப்பது நல்லது. மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுவது பலன் தரும்தான், ஆனால் மதுரைத் தண்ணீர் நிலவரத்தில் அதை ஒரு யோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தம்பி சொல்லும் ஷீட் நல்ல யோசனையின் அரைகுறை வடிவம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டாவைப் பாருங்கள். செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930-களின் கடைசியில் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விட்டிருக்கிறார்கள். மேல் ஓடு வெயிலை வாங்கிக்கொள்கிறது, இடைவெளிக் காற்று சூட்டைத் தூக்கிப் போகிறது, கீழ்த் தளம் நிழலிலேயே இருக்கிறது. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கு, மேற்கில் குறுகிய முனைகள் மட்டும்தான். சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கான்கிரீட் பலகைகள், காற்று வரும் வெயில் வராது. புதுச்சேரி வெக்கையில் ஏசி இல்லாமல் தங்குவதற்கென்றே யோசித்துச் செய்தது. அந்த ஊர்ப் பக்கம் போனால் வெளியிலிருந்தாவது பாருங்கள். கட்டடம் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் உதாரணம் அதுதான்.

தகர ஷீட்டிலும் வேலை செய்வது அந்த இடைவெளிதான். நான்கு பக்கமும் திறந்திருந்தால் நன்மை. மழைச் சாரலுக்குப் பயந்து பக்கங்களை அடைத்து அறை மாதிரி ஆக்கினால் மாடியில் ஒரு சூளை வைத்த கதை. காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு போகாதபடி தூண்களை நங்கூரமிட வேண்டும், மாநகராட்சியில் அனுமதி பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாடி முழுக்கப் போட்டால் உங்கள் ஒரு லட்சம் போதாது. படுக்கையறைக்கு மேல் மட்டும் இரும்புக் குழாய் நட்டு, பச்சை ஷேடு நெட் கட்டினால் செலவில் சிறு பகுதிதான் ஆகும். தளத்துக்கும் வலைக்கும் நடுவே ஆள் நிற்கும் உயரம் விடுங்கள், துணி காயப்போடவும் ஆகும்.

ஃபால்ஸ் சீலிங்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது சூடேறிய தளத்தைக் கண்ணிலிருந்து மறைக்கும், நேரடி அனலைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் தளம் சூடேறுவதைத் தடுக்காது. அறையின் உயரம் குறையும். மேலே நீர்க்கசிவு வந்தால் வெகு நாளைக்குத் தெரியவும் தெரியாது.

இனி மேற்குச் சுவர். உங்கள் ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கே நிற்கிறது. அந்தச் சன்ஷேடின் நிழல் சுவரில் 1.4 அடிதான் இறங்கும். 5 மணிக்கு அது முக்கால் அடி. 4 அடி உயர ஜன்னலில் மீதியெல்லாம் வெயில். சன்ஷேடை நீட்டுவதால் பயனில்லை, மேற்கு வெயிலுக்கு முன்னால் செங்குத்தாக ஏதாவது நின்றாக வேண்டும். அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே தடித்த திரை போட்டால், ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட சூட்டைத்தான் அது பிடித்து வைத்திருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி போதும். சுவருக்கு, அரை அடியாவது தள்ளி நிற்கும் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி அதில் தட்டியோ ஷேடு நெட்டோ கட்டுங்கள். மேற்கே உங்களுக்குச் சொந்தமாக மூன்றடி மண் இருந்தால் இன்னும் நல்லது. கோவைக் கொடியோ பீர்க்கையோ கயிற்றில் ஏற்றிவிடலாம், மாடி உயரம் வர ஒரு பருவம் ஆகும். கொடி சுவரில் ஒட்டாமல் சட்டத்தில் ஏறட்டும். சுவருக்கும் வெளிர் நிறம் அடியுங்கள். இப்போது அங்கே அடர்ந்த காவியோ பழுப்போ இருந்தால் அதுவே பாதிக் குற்றவாளி.

ஒரு ரூபாய் செலவில்லாத வேலை ஜன்னலைத் திறந்து மூடும் நேரம். மதுரையில் ஏப்ரல், மே பகல் 38, 40 டிகிரி வரை போகிறது, விடியலில் 26, 27-க்கு இறங்குகிறது. காலை 9, 10 மணிக்கு மேல் வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடு, அப்போது ஜன்னலைத் திறந்து வைப்பது சூட்டை அழைப்பதாகிவிடும். மாலையில் வெளியே தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், ஹாலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். சென்னையில் இருக்கும் உறவினர்கள் பிற்பகலில் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். அவர்களுக்குக் கடல்காற்று வருகிறது, உங்களுக்கு வராது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இதில் பலவற்றைச் சுவரிலேயே முடித்துவிடலாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ (ராட்-ட்ராப் பாண்ட்) என்ற சுவர் கட்டும் முறையில் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், சூடும் மெதுவாகத்தான் கடக்கும். படுக்கையறையை மேற்கே வைக்காமல் அங்கே மாடிப்படி, குளியலறை, அலமாரிகளை வைத்தால் அவையே கேடயம். உங்கள் வீட்டில் அறையை மாற்ற முடியாது. கிழக்கே இருக்கும் அறைக்குக் கோடை மூன்று மாதம் படுக்கையை மாற்ற முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். அதன் சுவர் வாங்குவது காலை வெயில், தூங்கும் நேரத்துக்கு அது ஆறத் தொடங்கியிருக்கும்.

செலவு வரிசை என்று கேட்டால்: இந்த மாதமே மாடி வெள்ளைப் பூச்சும் மேற்கு ஜன்னலுக்கு வெளித் தட்டியும். அடுத்து படுக்கையறைக்கு மேலும் மேற்குச் சுவர் முன்னாலும் ஷேடு நெட். இதெல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே நேரங்களில், அதே இடங்களில் மறுபடி தெர்மாமீட்டர் வையுங்கள். அப்போதும் ஏசி வேண்டும் என்று தோன்றினால் அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 150 சதுர அடி அறைக்கு 1 டன்னிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.