ஒன்பதைக் கூட்டினால் எதைக் கழிப்பது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒய் = 2எக்ஸ்² − 12எக்ஸ் + 23 என்ற பரவளையத்தின் சமன்பாட்டை வர்க்கப் பூர்த்தி முறையில், அதாவது ஒரு முழு வர்க்கமும் ஓர் எண்ணுமாக, மாற்றி எழுதச் சொன்னால், 9-ஐக் கூட்டிக் கழிக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தவறுகிறாள். முனையை, அதாவது வளைவு திரும்பும் புள்ளியைக் காண ‘−பி/2ஏ’ (எக்ஸ்²-ஐப் பெருக்கும் எண், அதாவது கெழு, ஏ; எக்ஸின் கெழு பி) என்ற சூத்திரம் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு? நுழைவுத் தேர்வுக்கு இது உதவுமா? தமிழ்வழியில் படிப்பதுதான் சிக்கலோ என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

நுழைவுத் தேர்வைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லித்தர மார்த்தாண்டத்தில் தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. தமிழ்வழியின் மேல் பழிபோடுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஆனால் ‘சுற்றுவழி’ என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் சில நாட்களாக நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி தம் நூலில் ஒரு கணக்கு தருகிறார்: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39 வருகிறது, எண் எது? குழித்துறையில் எனக்குக் கணக்கு சொல்லித்தந்த சார் இதற்குக் கரும்பலகையைத் தொடவே இல்லை. பழைய காலண்டர் அட்டையிலிருந்து, தேடும் எண்ணையே பக்கமாகக் கொண்ட ஒரு சதுரத்தையும், அதே நீளத்தில் பத்தில் பாதியான ஐந்து அங்குல அகலமுள்ள இரண்டு பட்டைகளையும் வெட்டி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழேயும் ஒட்டி வைத்தார். அட்டைகளின் மொத்தப் பரப்பு 39. வலது கீழ் மூலை மட்டும் காலியாகக் கிடந்தது. “இந்த மூலைய யாரு மக்களே கொண்டு போனது?” என்று கேட்டார். காலியிடம் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25. அதை நிரப்பினால் மொத்தம் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8, எனவே எண் 3. பிறகு ஸ்கேலை எங்கள் கையில் கொடுத்து அட்டையை அளக்கச் சொன்னார். சரியாக மூன்று அங்குலம் இருந்தது.

உங்கள் மகளின் 9-உம் இப்படி ஒரு மூலைதான். 2-ஐ வெளியே எடுத்தால் உள்ளே எக்ஸ்² − 6எக்ஸ் நிற்கிறது. 6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9. அவள் தவறுவது இதற்கு அடுத்த அடியில் என்றே நினைக்கிறேன். அடைப்புக்குள் 9-ஐச் சேர்த்துவிட்டு வெளியே 9-ஐயே கழித்திருப்பாள். கடைசியில் 14 வந்திருக்கும். அடைப்புக்கு வெளியே 2 நிற்பதால் அவள் உண்மையில் சேர்த்தது 18. கழிக்க வேண்டியதும் 18தான். அப்போதுதான் 2(எக்ஸ் − 3)² + 5 கிடைக்கும். எக்ஸுக்கு 3-ஐப் பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 18 − 36 + 23, அதாவது 5. இந்தச் சோதனையை ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் செய்யும் பிள்ளை இந்த இடத்தில் மறுபடி வழுக்காது.

இனி உங்கள் சூத்திரத்துக்கு வருகிறேன். கெழுக்களுக்கு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை இட்டு இதே வேலையைச் செய்தால் −பி/2ஏ தானாக வந்து நிற்கும். இருபடிச் சமன்பாட்டின் பொதுச் சூத்திரமும் அப்படிப் பிறந்ததுதான். 1150-இல் கணித அறிஞர் பாஸ்கரர் தம் பீஜகணிதம் என்ற நூலில் எடுத்துக்காட்டும், அவருக்கு முந்தைய கணித அறிஞரான ஸ்ரீதரரின் விதியும் பின்னம் வராதபடி நாலு ஏ-ஆல் பெருக்கிக்கொண்டு வர்க்கத்தைத்தான் பூர்த்தி செய்கிறது. சமைத்தவளை அடுக்களையிலிருந்து விரட்டிவிட்டு, சோறு மட்டும் தினமும் வேண்டும் என்கிறீர்கள்!

சூத்திரம் அவளுக்கு 3 என்ற எண்ணைத் தரும். மாற்றி எழுதிய வடிவமோ, வர்க்கம் எதிர்மமாகாது என்பதால் ஒய் 5-க்குக் கீழே இறங்காது என்பதையும், வரைபடம் எக்ஸ் அச்சைத் தொடாது என்பதையும், 2-இலும் 4-இலும் ஒரே உயரம் 7 என்பதையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். அடுத்த ஆண்டு குவியம், அதாவது பரவளையத்தின் உள்ளே அதை வரையறுக்கும் புள்ளி, எங்கே என்று கேட்பார்கள்; (எக்ஸ் − 3)² = ½(ஒய் − 5) என்று எழுதத் தெரிந்தவளுக்கு அது முனையிலிருந்து எட்டில் ஒரு பங்கு மேலே, (3, 5⅛)-இல் இருப்பது ஒரே வரியில் கிடைக்கும்.

தவறுகிறாள் என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். தவறும் இடம் இன்னதென்று தெரியும் பிள்ளை பாதி தேறிவிட்டது. ஒய் = −3எக்ஸ்² + 12எக்ஸ் − 7 என்பதை அவளிடம் கொடுங்கள். அடைப்புக்குள் 4-ஐச் சேர்த்த பிறகு வெளியே 12-ஐக் கூட்டுவதா கழிப்பதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். பதிலையும் அவளே எனக்கு எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.