விட்டுவிட்ட மான் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பென்சில்வேனியாவின் சென்டர் கவுண்டியில், அலுவலக நண்பரின் குடும்பத்துக்குச் சொந்தமான 40 ஏக்கர் காட்டில் சில வருடங்களாக மான் வேட்டைக்குப் போகிறேன். இந்த முறை துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாள் காலையில், ஆறு முனைக் கொம்போடு ஓர் ஆண் மான் 70 கஜத்தில் வந்து நின்றது. ஸ்கோப்பில் பார்த்து எண்ணினேன், பக்கத்துக்கு மூன்று முனை. சட்டப்படி சுடலாம். ஆனால் இளசாகத் தெரிந்தது, விட்டுவிட்டேன். ஏதோ ஜீவகாருண்யம் செய்தது போல மனசு லேசாக இருந்தது. நண்பரின் மாமனார், "பக்கத்துக் காட்டுக்காரன் சுடப்போகிறான், உனக்கு எதற்கு இந்தத் தர்மம்?" என்று சிரித்தார். நண்பர், "விட்டால் அடுத்த வருஷம் எட்டு முனை ஆகிவிடும்" என்கிறார். நான் செய்தது சரியா? கிளைக்காத குச்சிக்கொம்பு மான்கள் மட்டமான வித்து, அவற்றைக் கழித்துக்கட்ட வேண்டும் என்கிறார்களே, உண்மையா? நம் மரபில் வளர்ந்தவன் வேட்டைக்குப் போவதே தப்பு என்று மனைவி சொல்கிறாள். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வி உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, நான் வரவில்லை. ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இந்தியாவில் புள்ளிமானைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேச்சு அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றி, அரசே லைசென்ஸ் விற்று வேட்டையாடச் சொல்கிற மானைப் பற்றி.

குச்சிக்கொம்பு விஷயமும் சீக்கிரம் முடியும். ஒன்றரை வயதில் ஒரு மான் குச்சிக்கொம்போடு நிற்பதற்குத் தாமதமாகப் பிறந்ததோ தீனி போதாததோ காரணமாக இருக்கலாம். டெக்சாஸில் வேலிக்குள் மான்களை வளர்த்து இதை ஆராய்ந்தார்கள், ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். திறந்த காட்டில் நாலு மானைச் சுட்டு யாரும் வித்தைத் திருத்திவிட முடியாது. பாதி வித்து கொம்பே முளைக்காத தாயிடமிருந்து வருகிறது, அதை எதை வைத்துத் தரம் பிரிப்பீர்கள்? தவிர, உங்கள் மாநிலத்தில் வயதுவந்த வேட்டைக்காரர்கள் பொதுவாகக் குச்சிக்கொம்பைச் சுடவே கூடாது. சிறுவர்களுக்கும் இன்னும் சிலருக்கும்தான் அந்தச் சலுகை.

இப்போது ஒரு திட்டு. ஸ்கோப்பில் பார்த்து எண்ணினீர்களா? தம்பி, ஸ்கோப் எதைப் பார்க்கிறதோ அதை நோக்கித்தான் குழலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அசைந்தது மான் இல்லை, ஆள் என்று தெரியும் நொடியில் உங்கள் துப்பாக்கி அந்த ஆளின் நெஞ்சுக்கு நேராக இருக்கும். சுடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும். பார்ப்பதற்கு 8 மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள பைனாகுலர் ஒன்று வாங்கி நெஞ்சோடு பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். விடியற்கால மங்கலுக்கும் அது போதும்.

இனி அந்த மான். முனை வயதைச் சொல்லாது. நல்ல தீனி கிடைத்த ஒன்றரை வயது ஆணுக்கு எட்டு முனைகூட வரும். சத்தில்லாத மலைக்காட்டில் இரண்டரை வயதுக்கு நாலுதான் இருக்கும். சட்டம் முனையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், காட்டில் நின்று எண்ண முடிந்தது அது ஒன்றுதான். அதனால் ஒரு கோணலும் வந்தது: ஒன்றரை வயதுக்காரர்களில் நன்றாக வளர்ந்தது சுடப்படுகிறது, பின்தங்கியது தப்பிக்கிறது. டெக்சாஸ் 2002இல் ஆறு கவுண்டிகளில் வேறு வழி பார்த்தது. கொம்பின் உட்புற அகலம் 13 அங்குலம் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பக்கத்து மானின் காதுகள் விறைத்து நிற்கும்போது ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். கொம்பு காதைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நீங்கள் உடம்பைப் பாருங்கள். மான் பக்கவாட்டில், பதற்றமில்லாமல் நிற்க வேண்டும். நேருக்கு நேர் நிற்கும் மானுக்கு வயது சொல்ல முடியாது, மிரண்டு கழுத்தை நீட்டியதற்கும் முடியாது. கொம்பு இல்லையென்று வைத்துக்கொண்டு பாருங்கள். மிச்சம் இருப்பது பெண் மானின் உடம்பு என்றால் அது ஒன்றரை வயது: உடம்புக்கு மீறிய நீளக் கால், மெலிந்த கழுத்து, ஒட்டிய வயிறு, பின்னங்கால் மூட்டின் உட்புறச் சுரப்பி வெளிறியது. இரண்டரையில் கழுத்து கொஞ்சம் தடித்து, தோள் நிறைந்திருக்கும். ஆனால் கால் இன்னும் நீளமாகவும் இடுப்பு மெல்லியதாகவும் தெரியும். மூன்றரையில் நெஞ்சு இறங்கி, இணைசேரும் பருவத்தில் கழுத்து நன்றாகப் பருத்துவிடும். அப்போதும் கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும், வயிறு தொங்காது. நாலரைக்கு மேல் கழுத்து நேராக நெஞ்சில் போய்ச் சேரும், வயிற்றுக் கோடு நெஞ்சுக்குச் சமமாக இறங்கி கால் குட்டையாகத் தோன்றும், மூட்டுச் சுரப்பி கருத்திருக்கும். தப்பு அதிகம் நடப்பது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில். அக்டோபரில் கழுத்து பருக்குமுன் மூன்றரை வயது இளசாகத் தெரியும், டிசம்பர்க் குளிரில் மயிர் சிலிர்த்த இரண்டரை முதிர்ந்ததாகத் தெரியும்.

சுட்ட மானின் வாயைத் திறந்து கணிப்பைச் சரிபாருங்கள். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில் முன்னாலிருந்து மூன்றாவதில் மூன்று மேடுகள் இருந்தால் ஒன்றரை அல்லது அதற்கும் கீழே. அந்தப் பால்பல் சுமார் ஒன்றரை வயதில் விழுந்து, இரண்டு மேடு உள்ள பல் முளைத்துவிடும். அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்வதெல்லாம் உத்தேசம்தான்.

நண்பரின் "அடுத்த வருஷம் எட்டு" கணக்கில் ஒரு பாதி சரி. ஆண் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒரு வயதை ஒட்டி, மே-ஜூனில் தாய் அடுத்த ஈற்றுக்குத் துரத்தும்போதோ அக்டோபர் வாக்கிலோ, பிறந்த இடத்தை விட்டுப் பல மைல் போய்விடும். நவம்பர் கடைசியில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வேறெங்கோ பிறந்து இங்கே குடியேறியது. குடியேறியது இனி அநேகமாக இங்கேயே இருக்கும். இது உங்கள் பக்கம். ஆனால் வளர்ந்த ஆண் சுற்றுகிற பரப்பு ஒரு சதுர மைல் அளவு, அதாவது 640 ஏக்கர். உங்களிடம் இருப்பது 40. மாமனார் சிரித்ததில் இதுதான் விஷயம். இளம் ஆண்களை விட்டுவைப்பது சீட்டுக் கட்டுவது போல, சுற்றிலும் உள்ளவர்களும் கட்டினால்தான் பணம் திரும்பும். மார்ச் மாதம் அக்கம்பக்கத்து ஐந்தாறு நிலக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றரை வயதை யாரும் சுடுவதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கும், முதல் மான் சுடுகிறவர்களுக்கும், ஃப்ரீசர் காலியாக உள்ள வீட்டுக்கும் விலக்கு வையுங்கள். இறைச்சிக்காகச் சுடுகிறவனைக் கொம்புக்காகக் காத்திருப்பவன் இளக்காரமாகப் பார்ப்பது எனக்குச் சகிக்காது. ஒன்றரை வயது மானில் எலும்பு நீக்கி 40 பவுண்டு பக்கம் நல்ல கறி கிடைக்கும்.

இவ்வளவையும் உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் இருந்த "ஜீவகாருண்யம்". கொம்பு மானை விடுவதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்கிற பேச்சு கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் அதை விட்டது மூன்று வருடம் கழித்துப் பெரிதாகச் சுடலாம் என்று. தப்பில்லை, ஆனால் கருணை என்று சொல்லாதீர்கள். உங்கள் கருணை யாரை நோக்கிப் போயிருக்க வேண்டும் என்றால், அந்த 40 ஏக்கரின் தரையை நோக்கி. அதைக் குனிந்து பார்த்தீர்களா?

பாருங்கள். முழங்கால் உயரத்துக்குப் பெரணி மட்டும் ஒரே பச்சையாக விரிந்திருந்தால், பெரிய ஓக் மரங்களுக்குக் கீழே ஒரு ஓக் கன்றுகூட இடுப்பு உயரம் வராமல் இருந்தால், தழைத்திருப்பதெல்லாம் மான் விரும்பாத பீச்சும் கருஞ்செர்ரியுமாக இருந்தால், அந்தக் காட்டில் மான் அதிகம். அதே மாநிலத்து அல்லெகேனிக் காட்டில் வேலி அடைத்து, வெவ்வேறு எண்ணிக்கையில் மான்களை விட்டுப் பத்து வருடம் பார்த்தார்கள். சதுர மைலுக்கு ஏறக்குறைய 20 என்பதைத் தாண்டிய பகுதிகளில் மரக்கன்று வகைகளும் குறைந்தன, புதரை நம்பி வாழும் பறவைகளும் குறைந்தன. இந்த எண்ணிக்கையை ஏற்றுவது பெண் மான். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், ஆணை விட்டாலும் சுட்டாலும் வரும் வருடக் குட்டிகளின் எண்ணிக்கை அநேகமாக மாறாது. வளர்ந்த பெண் வழக்கமாக வருடத்துக்கு இரண்டு போடும். இளம் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணையும் சுடாமல் வீடு திரும்பினால் மந்தையில் ஒரு வாய் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது.

பென்சில்வேனியாவின் வரலாறே இந்தச் சண்டைதான். மான் அற்றுப்போகும் நிலையில் 1907இல் பெண் மானைச் சுடுவதைத் தடைசெய்தார்கள், அன்றைக்கு அது தேவை. மந்தை பெருகிக் காட்டைத் தின்னத் தொடங்கிய பிறகும் "பெண்ணைச் சுடாதே" என்பது தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கமாகவே தங்கிவிட்டது. 2002க்கு முன்பு சுடப்பட்ட கொம்பு மான்களில் பத்துக்கு எட்டு ஒன்றரை வயது. அப்போது மாநில வேட்டை ஆணையத்தின் மான் திட்டத்தை நடத்திய கேரி ஆல்ட் இரண்டு காரியங்களைச் சேர்த்துக் கொண்டுவந்தார்: ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று முனை (மேற்குக் கவுண்டிகளில் நாலு) இல்லாததைச் சுடாதே, பெண் மான்களை நிறையச் சுடு. முதல் பாதியை வேட்டைக்காரர்கள் மெல்ல ஏற்றுக்கொண்டார்கள், கொம்பு பெரிதாகிறதே. இரண்டாம் பாதிக்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள், மிரட்டினார்கள். 2004 முடிவில் அவர் விலகிவிட்டார். இன்று அங்கே சுடப்படும் கொம்பு மான்களில் பாதிக்கு மேல் இரண்டரையும் அதற்கு மேலும். முதல் பாதி ஜெயித்தது. நீங்களும் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு மனசு லேசானது என்கிறீர்கள்.

பெண்ணைச் சுடுவதில் ஒரு பொறி உண்டு. ஆறு மாத ஆண் குட்டிக்கு நெற்றியில் தோலுக்குள் பொத்தான் அளவு மேடுதான் இருக்கும், தூரத்தில் தெரியாது. பட்டன் பக் என்பார்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே, துணையில்லாமல், யோசிக்காமல் வெட்டவெளிக்கு வரும் கொம்பில்லாத மான் பெரும்பாலும் இதுதான். குட்டிக்கு மூக்கு குட்டை. உடம்பின் உயரமும் நீளமும் ஏறக்குறைய சமம். வளர்ந்த பெண்ணுக்கு மூக்கும் உடம்பும் கழுத்தும் நீண்டிருக்கும். காதுகளுக்கு நடுவே உச்சி தட்டையாக இருந்தால் ஆண் குட்டி, வளைந்திருந்தால் பெண். தனி மானைச் சுடாதீர்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட இரண்டாவது வரட்டும். இரண்டில் பெரியதை, பின்னால் வேறு மான் நிற்கவில்லை என்று பார்த்துச் சுடுங்கள், குண்டு ஊடுருவிப் போகும். முடிந்தவரை பருவத்தின் முற்பகுதியில் முடித்துவிடுங்கள். நாள் போகப் போகக் குட்டி வளர்ந்து குழப்பம் கூடும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பென்சில்வேனியாவில் 2012இலிருந்து மான் நலிவு நோய் (CWD) இருக்கிறது, மூளையைச் சிதைத்து மானைக் கொல்லும் தொற்று அது. வளர்ந்த ஆண்களில் அது பெண்களைவிட அதிகம் காணப்படுகிறது. இடம்பெயரும் இளம் ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது கவலை. மிசௌரியில் நோய் கண்ட கவுண்டிகளில் முனை விதியையே நீக்கினார்கள். உங்கள் காடு நோய் மேலாண்மைப் பகுதிக்குள் வந்தால் வயது முதிரட்டும் என்று விட்டுவைக்கும் யோசனையையே மறுபடி எடைபோடுங்கள். தலையைப் பரிசோதனைப் பெட்டியில் போடுங்கள், முடிவு வருமுன் கறியைச் சமைக்காதீர்கள், மூளையையும் தண்டுவடத்தையும் அந்தப் பகுதிக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது ஒன்றரை வயதாக இருக்கலாம், விட்டது சரி. கொம்பில்லாத மானுக்கான லைசென்ஸ் ஜூன் கடைசியில் விற்பனைக்கு வரும், உங்கள் பகுதிக்குரியது சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடும். முதல் நாளே எடுங்கள், அந்த மாமனாரையும் அவர் பெயரில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா